விட்ஸுக்கு முன் டயர் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கல்லடிப் பாலத்தடி:
வணக்கம். 2012 டொயோட்டா விட்ஸ் கார், டயர் அளவு 165/70 ஆர் 14. முன் டயர் இரண்டும் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் சின்னக் கட்டையோடு மட்டமாகிவிட்டன. பின் டயர்களில் பள்ளம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் 3116 என்று போட்டிருக்கிறது, பக்கத்தில் மயிர் மாதிரி வெடிப்பும் தெரிகிறது. அம்மாவின் கிளினிக்குக்காக மகியங்கனை வழியாகக் கண்டிக்கு அடிக்கடி போகிறோம், மாரியும் வருகிறது. முன்னுக்கு இரண்டு போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். நாலும் போட இப்போது கை இறுக்கம். ஜப்பானில் பாவித்த டயர் மலிவாகக் கிடைக்குமாம், எடுக்கலாமா?

செங்கலடிச் சந்தி:
தம்பி, 3116 என்றால் 2016ஆம் ஆண்டு 31ஆவது கிழமையில் செய்த டயர். பள்ளம் இருந்து என்ன, எங்கள் வெயிலில் இத்தனை வருசம் நின்ற ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது. வெடிப்பும் விழுந்துவிட்டதென்றால் பார்க்கவே வேண்டாம், நாலையும் மாற்றுங்கள். முன் டயரின் அந்தக் கட்டை 1.6 மில்லிமீற்றர் உயரம், அதோடு மட்டமாகிவிட்டால் மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லை, கார் தண்ணீருக்கு மேலே மிதக்கும். காசு இப்போது இரண்டுக்குத்தான் என்றால் புதியதைப் பின்னுக்குப் போட்டு, பின்னதை முன்னுக்கு மாற்றி ஊருக்குள் மெதுவாக ஓடுங்கள், மற்ற இரண்டும் வாங்கும்வரை மகியங்கனை ரோட்டின் பதினெட்டு வளைவுப் பக்கம் போகவேண்டாம்.

கல்முனை காக்கா:
பின்னுக்கா? விட்ஸ் முன் சக்கரம் இழுக்கிற வண்டி, திருப்புவதும் பிரேக்கில் பாரம் விழுவதும் முன்னுக்குத்தானே. நான் எப்போதும் புதியதை முன்னுக்குத்தான் போடுவேன், ஒன்றும் ஆகவில்லை.

செங்கலடிச் சந்தி:
காக்கா, முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும், அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் அநேகமாகத் திரும்பப் பிடித்துவிடும். மழையில் வளைவில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், பழகிய டிரைவருக்கும் மீட்பது கஷ்டம். இரண்டு மட்டும் போட்டால் பின்னுக்கு என்று டயர் கொம்பனிகளே சொல்வது அதனால்தான். முன்னது கெதியாய்த் தேயும் என்பது உண்மை, அதற்கு இடைக்கிடை மாற்றிப் போடலாம்.

மழைக்காலப் பயணி:
பாவித்த ஜப்பான் டயரில் ஒரு சிக்கல், பனிக்காலத்து டயரும் அதற்குள் கலந்து வரும். பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று இருக்கும், பள்ளங்களுக்கு இடையில் நெளிநெளியாக மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், கையால் அமத்தினால் மெத்தென்று இருக்கும். எங்கள் சூட்டுக்கு அது கடகடவென்று தேய்ந்துவிடும். உள்ளுக்கு ஒட்டுப் போட்டிருந்தாலும் வெளியே தெரியாது. அந்தக் காசுக்கு இலங்கையிலேயே செய்கிற சாதாரண டயர் புதிதாக இரண்டு வாங்குவது மேல்.
முன் டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லவில்லையே? நடுவில் என்றால் காற்றுக் கூட, இரண்டு ஓரமும் என்றால் காற்றுக் குறைவு, உள் ஓரம் மட்டும் என்றால் எலைன்மன்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், பிழை.

கல்லடிப் பாலத்தடி:
இரண்டிலும் உள் ஓரம்தான், வெளியில் நின்று பார்த்தால் தெரியாது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிக் கையை விட்டுத் தடவினால் கம்பி நுனி குத்துகிறது. வீட்டில் பேசி நாலும் போடுவது என்று முடிவு. காற்று எவ்வளவு அடிக்க?

மழைக்காலப் பயணி:
கம்பி தெரிந்தால் அந்த டயரில் இனித் தூரம் போகாதீர்கள். எலைன்மன்ட் கட்டாயம் செய்யுங்கள், இல்லாவிட்டால் புதியதும் அப்படியே போகும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், ஜப்பான் கார் என்பதால் கிலோபாஸ்கலில்தான் இருக்கும். 230 என்றிருந்தால் 33 பிஎஸ்ஐ. காலையில் டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கேட்டால் தேவையில்லை, சும்மா காற்றிலேயே 78 வீதம் அதுதான்.

கல்முனை காக்கா:
சரி, நாலும் புதிதென்றால் முன்னா பின்னா என்ற சண்டை இல்லை. ரிம்மில் ஏற்றுவதற்கு முன் நாலு டயரின் திகதியையும் பாருங்கள், கடையில் வருசக்கணக்காகக் கிடந்த டயரையும் புதியதென்றுதான் தருவார்கள். டிக்கியில் கிடக்கிற ஸ்பேரையும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள், தம்பி.