முதலில் சூடு, அப்புறம் பால்

குழு: பெரிய வீடு

வியாழன்

இரவு 9:42, நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா? எங்கள் தெருமுனை வாய்க்கால் ஓரத்தில் நான்கு நாய்க்குட்டிகள் கிடைத்தன. மழையில் தொப்பலாக நனைந்து கிடந்தன. கண் இன்னும் திறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

9:43, அம்மா: ஐயோ. தாய் எங்கே?

9:43, சித்தி: நானும் அதைத்தான் கேட்க வந்தேன். தாய் இரை தேடப் போயிருக்கும், நாம் அவசரப்பட்டுக் குட்டிகளைத் தூக்கிவிடுவோம்.

9:45, நான்: இல்லை சித்தி. டீக்கடை வாசலில் படுத்திருக்குமே, அந்தச் செவலை நாய்தான் தாய். காலையில் ஜிஎஸ்டி ரோட்டில் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது, நானே பார்த்தேன். குட்டி போட்டிருப்பது யாருக்கும் தெரியாது. சாயங்காலம் சத்தம் கேட்டுத்தான் தேடினோம்.

9:46, சித்தி: சரி, அப்படியென்றால் தூக்கி வந்தது நல்லது. ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் சுண்டுவிரலை வைத்துப் பார். உள்ளே சூடு இருக்கிறதா?

9:49, நான்: மூன்றுக்கு இளஞ்சூடாக இருக்கிறது. சின்னதாக ஒரு கருப்பு, அதற்கு வாய்க்குள்ளும் ஜில்லென்று இருக்கிறது. விரலைச் சப்பவும் இல்லை. பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

9:49, சித்தி: பால் கொடுக்காதே

9:49, சித்தி: இப்போதைக்கு எதற்குமே கொடுக்காதே. அடுப்பை அணைத்துவிட்டு நான் எழுதுவதைப் படி.

9:54, சித்தி: இந்த வயதில் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது. அந்த நேரத்தில் ஊற்றும் பால் செரிக்காமல் வயிறு உப்பும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போகும். பல குட்டிகள் பசியால் சாவதில்லை கண்ணு, குளிரில் இருக்கும்போது பால் கொடுப்பதால்தான் சாகின்றன. முதலில் துண்டால் ஈரத்தை ஒற்றி எடு. அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போடு. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வை. மறு பக்கம் காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி அங்கே நகர்ந்துகொள்ளும். ஃபேனை நிறுத்து. கருப்புக் குட்டியை உன் வயிற்றோடு அணைத்துப் போர்த்திக்கொள். வேகமாகச் சூடு ஏற்றக் கூடாது, ஒரு மணி இரண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

9:56, மாமா: இவ்வளவு பயமுறுத்தாதே. நம் ஊரில் மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து ஊற்றித்தானே குட்டிகளை வளர்த்தோம்?

9:58, சித்தி: பிழைத்த குட்டிகள் நினைவில் நிற்கின்றன அண்ணா. தொழுவத்துக்குப் பின்னால் புதைத்தவை எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் மாட்டுப்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதில் தண்ணீர் வேறு கலந்தால் என்ன சத்து மிஞ்சும்? கழிச்சல்தான் வரும். நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள்.

9:59, அண்ணன்: வேளச்சேரியில் ஒரு கடை 10:30 வரை இருக்கும். நான் வாங்கிக்கொண்டு வருகிறேன். வேறு என்ன வேண்டும்?

10:00, சித்தி: குட்டிகளுக்கான சின்னப் பாட்டில், பஞ்சு, குளுக்கோஸ். கிச்சன் தராசு அவளிடம் இருக்கிறதா என்று கேள்.

10:01, நான்: இருக்கிறது. கேக் செய்ய வாங்கியது.

10:03, சித்தி: அதுதான் இனி உனக்கு டாக்டர் மாதிரி. தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுது. தொப்புள் கொடி விழுந்துவிட்டதா?

10:04, நான்: விழுந்துவிட்டது. காதும் மூடித்தான் இருக்கிறது.

10:05, சித்தி: அப்படியென்றால் ஐந்தாறு நாள் இருக்கும். சீம்பால் குடித்திருக்கும், அது பெரிய பலம்.

11:40, நான்: அண்ணன் வந்துவிட்டான். கருப்பின் வாய் இப்போது சூடாகிவிட்டது. சித்தி சொன்ன மாதிரி குளுக்கோஸ் தண்ணீரை ஈறில் ஒரு சொட்டு தடவினேன், நாக்கை நீட்டியது. எடை: செவலை 390, வெள்ளை 410, புள்ளி 370, கருப்பு 260.

11:42, சித்தி: இனிக் கொடுக்கலாம். குட்டியைக் குப்புறப் படுக்கவைத்துத் தலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். கைக்குழந்தை மாதிரி மல்லாத்தவே கூடாது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்து. பாட்டிலை அமுக்காதே, அதுவாக இழுத்துக் குடிக்கட்டும். 400 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 10 மில்லி போல, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. குடித்ததும் பஞ்சை வெந்நீரில் நனைத்து அடிவயிற்றிலும் பின்பக்கமும் மெதுவாகத் தடவு. தாய் நக்கிவிட்டால்தான் ஒன்றுக்கு, இரண்டுக்கு வரும். இப்போது அந்த நாக்கு நீதான்.

வெள்ளி

காலை 3:10, நான்: சித்தி, தூக்கத்தில் நான்கும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வலிப்பா? பயமாக இருக்கிறது

3:12, சித்தி: இல்லைடா. இந்த வயதில் அப்படித்தான் துடித்துத் துடித்துத் தூங்கும். துடிக்காமல் கல் மாதிரி கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவா, தள்ளித் தள்ளிக் கிடக்கின்றனவா?

3:13, நான்: ஏறிக் கிடக்கின்றன.

3:13, சித்தி: குளிர்கிறது. பாட்டில் ஆறியிருக்கும், தண்ணீரை மாற்று.

6:30, தாத்தா: விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோ. 1903இல் ஆரம்பித்த கல்லூரி. தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ.

6:34, அம்மா: உன் கையில் ஏதாவது கீறல் இருக்கிறதா? எனக்கு அதுதான் மனதை அரிக்கிறது.

6:36, நான்: கட்டை விரலில் ஒரு நகக்கீறல் இருக்கிறது அம்மா. லேசானதுதான்.

6:38, சித்தி: லேசு என்று விடாதே. தாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டதாக யாருக்காவது தெரியுமா?

6:39, நான்: இல்லை.

6:41, சித்தி: அப்படியென்றால் தடுப்பூசி போட்டிருக்கும் என்று நம்ப முடியாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு. பிறகு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டு. ரேபிஸ் விஷயத்தில் குட்டிதானே என்று இருக்கக் கூடாது.

பிற்பகல் 1:20, நான்: இரண்டு இடத்துக்கும் போய் வந்தேன். எனக்கு ஊசி தொடங்கிவிட்டார்கள். குட்டிகளுக்கு இரண்டு வாரம் ஆனதும் பூச்சி மருந்து, ஆறு வாரத்துக்கு மேல் தடுப்பூசி, வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். கருப்பை மட்டும் தனியாகக் கவனிக்கச் சொன்னார்கள்.

ஞாயிறு

காலை 5:15, நான்: கருப்பு போய்விட்டது. 260, 255, 248 என்று இறங்கிக்கொண்டே வந்தது. நேற்று இரவு பாட்டிலை வாயில் வைத்தால் பால் ஓரமாக வழிந்தது. நெஞ்சில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

5:17, சித்தி: அழுதுவிடு கண்ணு.

5:20, சித்தி: மூன்று நாள் குளிராமல், பசிக்காமல், ஒரு ஆளின் நெஞ்சுச் சூட்டில் இருந்தது. வாய்க்காலில் கிடந்திருந்தால் அந்த முதல் இரவையே தாண்டியிருக்காது.

5:31, அம்மா: நான் பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். ராத்திரி முறையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு.

வியாழன்

காலை 7:05, நான்: (படம்) செவலையைப் பாருங்கள்! இடது கண், மூக்குப் பக்க ஓரத்தில் ஒரு கோடு மாதிரி திறந்திருக்கிறது. உள்ளே சாம்பலும் நீலமுமாகப் புகை மூட்டம்.

7:06, சித்தி: இன்னும் பார்வை தெளிந்திருக்காது. அதிக வெளிச்சத்தில் காட்டாதே. கண்ணைப் பிரிக்கவும் பார்க்காதே, அதுவாகத் திறக்கட்டும். அடுத்து காது, மூன்றாவது வாரத்தில் பல். நான்காவது வாரம் குட்டித் தீவனத்தை ஊறவைத்துக் கூழாகக் கொடுக்கலாம்.

7:15, மாமா: தோப்புக்கு ஒரு குட்டி வேண்டும். நான் எடுத்துக்கொள்கிறேன்.

7:16, நான்: மூன்றில் இரண்டு பெண் குட்டி மாமா. விசாரித்தவர்கள் எல்லோரும் ஆண் குட்டிதான் கேட்கிறார்கள்.

7:18, மாமா: அப்போது பெண் குட்டியே கொடு. புள்ளி பெண்தானே?

7:18, நான்: ஆமாம் மாமா.

7:19, சித்தி: எட்டு வாரம் முடிந்துதான் அண்ணா. அதுவரை கூடப்பிறந்ததுகளோடு கடித்து விளையாடினால்தான் எவ்வளவு கடிக்கலாம் என்று அதற்குத் தெரியும். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்வதாகச் சொன்னால்தான் கொடுப்போம்.

7:24, மாமா: செய்கிறேன். அதுவரை பால் பவுடர் என் செலவு. எந்த டப்பா என்று படம் அனுப்பு.

7:30, நான்: அனுப்புகிறேன் மாமா. இன்றைய எடை: செவலை 605, வெள்ளை 640, புள்ளி 570.