முளைவிட்ட கிழங்கும் நாளைக்கு மதியச் சாப்பாடும்

சனி, இரவு 8:12

வசந்தா: வந்து சேர்ந்துட்டோம். ஃப்ரிட்ஜைத் திறந்தா போகும்போது வெச்ச காய் எல்லாம் அப்படியே கிடக்கு. நாளைக்கு 11 பேர் சாப்பிடணும். எது தேறும்னு பார்த்துச் சொல்லுங்க

வசந்தா: (படம்)

மீனா: அய்யே

கார்த்தி: அத்தை அந்த மூலையில என்ன?

வசந்தா: வெள்ளரிக்காய்டா

கார்த்தி: அதுக்கே இப்ப அது மறந்திருக்கும்

சேகர்: அக்கா எதையும் தூக்கிப் போட்டுடாதே. ஒவ்வொண்ணா சொல்றேன்

உமா: ஆரம்பிச்சாச்சு

சேகர்: வாடினது வேற, அழுகினது வேற. கேரட் துவண்டிருந்தா தண்ணி வத்தியிருக்கு, அவ்வளவுதான். ஐஸ் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டா விறைச்சுக்கும். மேல வெளுத்த மாதிரி இருந்தா தோல் காய்ஞ்சிருக்கு, பூஞ்சை இல்ல. கீரையில மஞ்சள் இலையைக் கிள்ளிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். கொழகொழன்னு கையில ஒட்டுச்சுன்னா கட்டையே போட்டுடு, கழுவிப் பார்க்கற வேலையெல்லாம் வேண்டாம்

மீனா: ஃப்ரிட்ஜ் சரியா கூலிங் ஆகுதா? 4 டிகிரிக்கு மேல போகக்கூடாதாம்

மீனா: அந்த ஃப்ரிட்ஜை நான் கேட்டப்பவே அப்பா எனக்குக் கொடுத்திருக்கலாம். கேட்டா யாரு கேக்கறா

வசந்தா: இப்ப ஃப்ரிட்ஜ் கணக்கா

வசந்தா: கோஸ்ல ஒரு இடத்துல பூஞ்சை. தக்காளியிலயும்

சேகர்: தக்காளியை முழுசா தூக்கிப் போட்டுடு. மெத்துனு இருக்கற காய்ல மேல தெரியறது கொஞ்சம்தான், இழை உள்ள ஓடியிருக்கும். கோஸ், கேரட் மாதிரி கெட்டியான காய்னா பூஞ்சையைச் சுத்தியும் அடியிலயும் ஒரு அங்குலம் விட்டு வெட்டி எடு. கத்தி பூஞ்சையில படக்கூடாது, பட்டா அதே கத்தி நல்ல பக்கத்துக்கும் கொண்டு போயிடும்

அப்பா: (இனிய காலை வணக்கம் படம்)

கார்த்தி: தாத்தா மணி எட்டரை

வசந்தா: வெங்காயத்துல கறுப்புப் பொடி

உமா: மேல் தோல்ல மட்டும் இருந்தா உரிச்சுட்டுக் கழுவிக்கோங்க அண்ணி. உள்ள மெத்துனு இருந்தா வேண்டாம். முளை விட்டிருந்தா பரவாயில்ல

வசந்தா: உருளைக்கிழங்கும் முளைதான். ரெண்டு பச்சை பூத்திருக்கு. வேக வெச்சா சரியாயிடும்ல?

சேகர்: ஆகாது. இது முக்கியம், எல்லாரும் படிங்க. வெளிச்சம் பட்டா கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் பச்சையம், அது ஒண்ணும் செய்யாது. ஆனா அதே வெளிச்சத்துல சோலனைன், சாக்கோனைன்னு ரெண்டு நஞ்சும் கூடும். தோல்ல, முளையில, முளை வர்ற கண்ணுல அதிகம். ஒரு கிலோ கிழங்குல 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு வெச்சிருக்காங்க. கொதிக்க வெச்சாலும் போகாது. வாந்தி, வயித்து வலி, பேதி எல்லாம் வரும். வாயில கசந்தா துப்பிடணும்

கவிதா: அப்ப எனக்கு மட்டும் ஏன் தினம் முளைகட்டின பயறு? முளைனா சத்துன்னு சொன்னது நீதானே அம்மா

கார்த்தி: 😂😂

சேகர்: ரெண்டும் வேற கவிதா. கிழங்கு முளையில

உமா: கவிதா, பயறை வேக வெச்சே சாப்பிடு. முளைக்கற ஈரத்துலயும் சூட்டுலயும் கிருமியும் சேர்ந்து வளரும். மாசமா இருக்கறப்ப பச்சையா வேண்டாம்

சேகர்: அதைத்தான் டைப் பண்ணிட்டிருந்தேன்

மீனா: இவ்வளவு ஏன்? மோந்து பார்த்தா தெரிஞ்சுடும். அம்மா அப்படித்தான் பார்ப்பாங்க

உமா: மூக்குக்குத் தெரியறது அழுகல் மட்டும்தான். ஆளைப் படுக்க வைக்கற கிருமிக்கு வாடையே இருக்காது. லிஸ்டீரியான்னு ஒரு கிருமி ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும்

மீனா: ஆமா ஆமா. அன்னிக்கு உங்க வீட்டுக் காளான்லயும் வாடையே இல்ல

உமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேகர்: மீனாக்கா அதை இப்ப எதுக்கு இழுக்கறே

மீனா: சும்மா சொன்னேன்

வசந்தா: டப்பாவுல வெட்டி வெச்ச கேரட்?

சேகர்: ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வெட்டினதா? கொட்டிடு. முழுக் காய்க்குத் தோல் காவல். வெட்டின காய்க்கு என்ன இருக்கு

அப்பா: அந்த கேரட் வந்த உடனே நாலு துண்டு தின்னேன். நல்லாத்தான் இருந்தது

வசந்தா: அப்பா!!!

கவிதா: தாத்தா வயிறு எப்படி இருக்கு

அப்பா: பசிக்குது

சேகர்: பயப்பட வேண்டாம், ஒண்ணும் ஆகாமலும் போகலாம். வாந்தி, பேதி, காய்ச்சல்னு ஏதாவது வந்தா உடனே கூப்பிடு. வயசானவங்க, தள்ளிப் போடாதே

வசந்தா: டப்பாவைக் கொட்டிட்டேன். பச்சைக் கிழங்கும் போயாச்சு. மிச்சக் கிழங்கு கெட்டியா இருக்கு, முளை குட்டிதான்

சேகர்: முளையையும் கண்ணையும் ஆழமாத் தோண்டி எடுத்துட்டுத் தோலைச் சீவு. அது போதும்

மீனா: மாசமா இருக்கற பொண்ணு சாப்பிடற இடத்துல அது எதுக்கு? புதுசா நான் வாங்கிட்டு வரேன்

உமா: நாங்க வாங்கிட்டோம் மீனா அண்ணி. கார்த்தி இப்பதான் போனான்

மீனா: எவ்வளவு?

உமா: அவன்கிட்டதான் கேக்கணும்

மீனா: அப்ப நானும் ஒரு கிலோ வாங்கிடறேன்

வசந்தா: அப்ப இந்தக் கிழங்கை என்ன பண்ண?

கார்த்தி: நான் இன்னும் வீட்டுலதான் இருக்கேன். என்ன வாங்கணும்?