பால்டர்ஸ் கேட் 3: கேம்ப்பில் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை, கூட்டாளிகள் விஷயத்தில் உதவி தேவை

நிலாமுற்றம்:

வணக்கம். பிஎஸ்5-இல் பால்டர்ஸ் கேட் 3 ஆடிக்கொண்டிருக்கிறேன். பேலன்ஸ்டு மோட் (நடுத்தரக் கடினம்), ஆக்ட் 1 (கதையின் முதல் பகுதி), லெவல் 5. என் கேரக்டர் ஒரு பார்ட், அதாவது பாட்டால் மந்திரம் செய்யும் பாணர். ஷேடோஹார்ட், லேஸெல், அஸ்டாரியன் மூவரும்தான் எப்போதும் கூட வருகிறார்கள். கேல், வில் (Wyll) என்ற இருவரும் கேம்ப்பிலேயே நிற்கிறார்கள்.

பிரச்சினை இதுதான். மற்றவர்கள் ஆடும் வீடியோக்களில் ராத்திரியானால் ஒரு காட்சி வருகிறது. யாராவது வந்து தன் கதையைச் சொல்கிறார், சண்டை போடுகிறார், அழுகிறார். எனக்கு அப்படி ஒன்றும் வருவதில்லை. போய்ப் பேசினால் கேட்ட கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. இது ஆட்டத்தின் பக்-ஆ (கோளாறா), அல்லது அப்ரூவல், அதாவது அவர்களுக்கு என்மேல் இருக்கும் மதிப்பு, குறைவா?

இன்னொன்று. கார்லாக் என்ற ஒருத்தியைத் தேடிக் கொல்ல வேண்டும் என்கிறார் வில். அவளையும் கூட்டாளியாகச் சேர்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். சேர்த்தால் வில் கோபித்துக்கொண்டு போய்விடுவாரா? இந்த ஆட்டத்தில் எனக்கு வாள், மந்திரத்தைவிட இந்த மனிதர்கள்தான் முக்கியம். யாரையும் இழக்காமல் போக வேண்டும். கதை முழுக்கத் தெரிந்துவிடாத அளவில் சொல்லுங்கள்.

குகைவாசல்:

முதலில் ஒன்று சொல்லுங்கள். லாங் ரெஸ்ட், அதாவது கேம்ப்பில் ராத்திரித் தூக்கம், எவ்வளவு அடிக்கடி எடுக்கிறீர்கள்?

நிலாமுற்றம்:

ரொம்பக் குறைவு. தலைக்குள் புழு இருக்கிறது, சீக்கிரம் வைத்தியம் பார்க்காவிட்டால் மைண்ட் ஃப்ளேயர் என்ற அரக்கனாக மாறிவிடுவோம் என்று லேஸெல் சொல்லிக்கொண்டே இருக்கிறாரே. பார்ட் இருப்பதால் ஷார்ட் ரெஸ்ட் ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது. அதை வைத்தும் போஷனை வைத்தும் சமாளித்துக்கொண்டு வருகிறேன்.

குகைவாசல்:

அப்படியானால் பக் எதுவும் இல்லை நண்பரே. உங்கள் கூட்டாளிகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ராத்திரிதான் வரவில்லை.

இந்த ஆட்டத்தில் கதைக்காட்சிகள் பெரும்பாலும் லாங் ரெஸ்ட் எடுக்கும்போதுதான் வரும். பொதுவாக ஒரு ராத்திரிக்கு ஒரு காட்சி. மற்றவை வரிசையில் காத்திருக்கும். ரெஸ்ட் எடுக்காமல் ஓடினால் வரிசை நீண்டுகொண்டே போகும். கதை அடுத்த கட்டத்துக்குப் போனதும் அதில் சில அப்படியே காணாமல் போய்விடும். அஸ்டாரியன் தன்னைப் பற்றிய உண்மையைக் காட்டும் ராத்திரி, கேல் தன் நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்வது எல்லாம் இப்படித்தான் வர வேண்டும்.

புழுவைப் பற்றிய பயத்தை விடுங்கள். எத்தனை முறை தூங்கினாலும் அதனால் நீங்கள் மாறிவிட மாட்டீர்கள். கதை அவசரப்படுத்துகிறதே தவிர, பின்னால் கடிகாரம் ஓடவில்லை. ஆனால் சில இடங்களில் மட்டும் உண்மையிலேயே ஓடுகிறது. வாகீன்ஸ் ரெஸ்ட் சத்திரம் எரிவதைப் பார்த்துவிட்டால், தூங்கப் போகாமல் உள்ளே மாட்டியவர்களை முதலில் காப்பாற்றுங்கள். கிரிம்ஃபோர்ஜில் நீர் (Nere) என்ற பெயருள்ளவன் விஷப்புகைக்கு நடுவே அடைபட்டிருப்பான், அங்கேயும் தாமதம் செய்யாதீர்கள்.

பேலன்ஸ்டு மோடில் ஒரு லாங் ரெஸ்டுக்கு 40 கேம்ப் சப்ளை போதும். டாக்டிஷியன் என்ற கடின மோடில் ஆடுகிறவர்கள்தான் 80-க்கு அலைய வேண்டும். பீப்பாய், பெட்டி, சமையலறை அலமாரி எதையும் விடாமல் திறந்து, கிடைக்கும் சாப்பாட்டை அப்போதே கேம்ப்புக்கு அனுப்பிவிடுங்கள். மூட்டைக் கனமும் குறையும்.

இப்போதைக்கு ராத்திரிகளை அடுத்தடுத்து எடுங்கள். காலையில் எழுந்ததும் யார் தலைமேல் ஆச்சரியக்குறி தெரிகிறதோ அவரிடம் முதலில் பேசுங்கள்.

மஞ்சள்குதிரை:

கேலைப் பற்றி நான் சொல்கிறேன், அவர் என் மனதுக்கு நெருக்கமானவர். கொஞ்ச நாளில் உங்களிடம் வந்து ஒரு மந்திரப் பொருள் வேண்டும் என்பார். விற்பதற்கு இல்லை, அதன் சக்தியை உறிஞ்சிக்கொள்வதற்கு. பேராசை என்று நினைத்துத் திட்டாதீர்கள், காரணம் பிறகு தெரியும். மூன்று தடவை கேட்பார். யாரும் போட்டுக்கொள்ளாத மோதிரம், கையுறை ஏதாவது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். மறுத்துக்கொண்டே இருந்தால் கிளம்பிப் போய்விடுவார்.

யாரையும் இழக்கக் கூடாது என்றீர்களே, அதனால் இதையும் சொல்கிறேன். கூட நடக்கிறவர்கள்தான் நீங்கள் செய்வதைப் பார்த்து அப்ரூவல் தருகிறார்கள். கேம்ப்பில் நிற்கிறவருக்கு நீங்கள் செய்யும் நல்லது கெட்டது பெரும்பாலும் தெரியாது. ஆக, ஒரே மூவரையே கூட்டிக்கொண்டு திரியாமல் மாற்றி மாற்றிக் கூட்டிப் போங்கள்.

க்ளாஸ் (போர்வீரர், மந்திரவாதி போன்ற வகை) பொருந்தவில்லையே என்ற கவலையும் வேண்டாம். இடிந்த கோவிலுக்குக் கீழே கல்லறையில் இருந்த விதர்ஸ் இப்போது உங்கள் கேம்ப்பில் நிற்பார். 100 கோல்டு கொடுத்தால் யாருடைய க்ளாஸையும் மாற்றித் தருவார். ஷேடோஹார்ட் வரும்போது ட்ரிக்கரி டொமைன் (பிரிவு) க்ளெரிக், அதாவது பூசாரி. நான் எப்போதும் லைஃப் அல்லது லைட்டுக்கு மாற்றிவிடுவேன். ஆளே வேறு மாதிரி ஆகிவிடுவார்.

நிலாமுற்றம்:

நன்றி தோழி, இதெல்லாம் தெரியவே தெரியாது. கார்லாக் - வில் விஷயம்?

குகைவாசல்:

இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம். கார்லாக் ரைசன் ரோடுக்குக் கீழே ஆற்றங்கரையில் இருப்பார். வில்லைக் கூட்டிக்கொண்டே போங்கள். கார்லாக் யார், என்ன ஆனவர் என்று வில் தானே பார்த்துத் தெரிந்துகொள்வார், ஓங்கிய கத்தியைத் தானே தாழ்த்திவிடுவார். அவரைக் கேம்ப்பில் விட்டுவிட்டுக் கார்லாக்கைச் சேர்த்தால், அந்தப் பேச்சு கேம்ப்பில் நடக்கும்.

இதற்கு விலை உண்டு, ஆனால் அதைக் கொடுப்பது நீங்கள் இல்லை. வில் தன் சக்தியை மிசோரா என்ற பெண் பிசாசிடமிருந்து ஒப்பந்தம் போட்டு வாங்கியவர். ஒப்பந்தத்தை மீறியதற்கு அவள் ஒரு ராத்திரி வந்து தண்டிப்பாள். மறுநாள் வில் பார்க்க வேறு மாதிரி இருப்பார், ஆனால் உங்களோடுதான் இருப்பார். அந்தத் தண்டனையை அவர் ஏற்றுக்கொள்ளும் விதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவர்மேல் மரியாதையே வந்தது.

டைர் கடவுளின் பாலடின் (புனித வீரன்) என்று சொல்லிக்கொண்டு ஆண்டர்ஸ் என்பவன் கார்லாக்கைக் கொல்லச் சொல்வான். நம்பாதீர்கள். அப்புறம், இன்ஃபெர்னல் அயர்ன் என்ற உலோகம் எங்கே கிடைத்தாலும் விற்காதீர்கள். எமரால்டு க்ரோவ் என்ற தோப்பில் டாமன் என்ற கொல்லர் இருக்கிறார், அதை அவரிடம் கொடுத்தால் கார்லாக்கின் நெஞ்சிலிருக்கும் எஞ்சினைச் சரிபார்ப்பார். அடுத்த வேலை ஆக்ட் 2-இல், அதுவும் அவர் கையால்தான். அதுவரை கார்லாக்கை யாராலும் தொட முடியாது, உடம்பு அப்படிக் கொதிக்கும். டாமன் உயிரோடு இருப்பது அவ்வளவு முக்கியம்.

சாம்பல்நரி:

காப்ளின் கேம்ப்பில் இருக்கும் எதிரித் தலைவி மிந்தாராவை விட்டுவிட்டீர்களே, அவரையும் கூட்டாளியாகச் சேர்க்கலாம். அவர் வேண்டுமென்றால் அவர் பக்கம் நின்று க்ரோவை அழிக்க வேண்டும். அழித்தால் வில்லும் கார்லாக்கும் போய்விடுவார்கள். எல்லாரையும் வைத்துக்கொள்வது நடக்காத காரியம்.

மஞ்சள்குதிரை:

2023 ஆகஸ்டில் ஆட்டம் வந்தபோது நிலைமை அப்படித்தான், ப்ரோ. பிறகு வந்த பேட்ச்சில் ஆட்டத்தை உருவாக்கிய லாரியன் நிறுவனம் வேறு வழி திறந்துவிட்டது. காப்ளின் கேம்ப்பில் மிந்தாராவைக் கொல்லாமல் மயக்கம்போட வைத்தால் போதும். பாஸிவ்ஸ் பகுதியில் நான்-லீதல் (கொல்லாத அடி) என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்துகொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் அடிக்கும் அடிதான் கணக்கு. கடைசி அடி அம்பாகவோ மந்திரமாகவோ இருந்தால் செத்துப்போவார். நெருப்பு, அமிலம் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ட் 2-இல் மூன்ரைஸ் டவர்ஸ் என்ற எதிரிக் கோட்டைக்கு எதிரியாக இல்லாமல் சாதாரணமாகப் போனால் அங்கே அவரைப் பார்ப்பீர்கள், சிறையிலிருந்து மீட்க வேண்டியிருக்கும். கோபுரத்தின்மேல் படையெடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அதே காப்ளின் கேம்ப்பில் கூண்டுக்குள் ஒரு கரடி இருக்கும். அதுதான் ஹால்சின். அவரை விடுவித்தால் கேம்ப்புக்கு வருவார், ஆனால் சண்டைக்குக் கூட வர ஆக்ட் 2-இல் நிழல் சாபத்தை நீக்க வேண்டும். காப்ளின் கேம்ப் வேலைகள் எல்லாவற்றையும் ஆக்ட் 2-இன் ஷேடோ-கர்ஸ்டு லேண்ட்ஸுக்குள் காலடி வைப்பதற்கு முன் முடியுங்கள்.

நிலாமுற்றம்:

ராத்திரிகள் வர ஆரம்பித்துவிட்டன! முதல் நாளே கண் திறந்தால் அஸ்டாரியன் என் கழுத்துக்கு மேலே குனிந்து நிற்கிறார். ரத்தம் குடிக்க அனுமதித்தேன். நிறுத்தச் சொல்லும் இடத்தில் பகடை உருட்ட வேண்டியிருந்தது, நல்லவேளை விழுந்தது. காலையில் எழுந்தால் என் அட்டாக் ரோல், சேவிங் த்ரோ எல்லாவற்றிலும் ஒன்று குறைகிறது. அவரோ உற்சாகமாக நிற்கிறார். அவர் பசியோடு இத்தனை நாள் என்னோடு நடந்திருக்கிறார் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்தக் குரல் வேறு!

சாம்பல்நரி:

நீல் நியூபான். 2023 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது அந்தக் குரலுக்குத்தான். மிந்தாரா பற்றிய தகவலுக்கு நன்றி, அடுத்த ஆட்டத்தில் அப்படியே செய்கிறேன்.

நிலாமுற்றம்:

இப்போது புதுச் சிக்கல். ஷேடோஹார்ட் வைத்திருக்கும் அந்த விசித்திரப் பொருளுக்காக லேஸெல் அவரோடு மோதுகிறார். யார் பக்கமும் பேசாமல் நழுவிவிட்டேன். இது எங்கே போய் முடியும்?

குகைவாசல்:

விட்டால் ஒரு ராத்திரி கழுத்தில் கத்தி வைக்கும் வரை போகும். அதில் ஒருவர் செத்தும் போகலாம். தூங்கும் முன் தனியாக ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள். காட்சி வந்ததும் நடுவில் புகுந்து இருவரையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பார்ட், உங்கள் கரிஸ்மாவுக்குப் பெர்சுவேஷன் (பேசி இணங்க வைப்பது) கஷ்டமே இல்லை. பகடை சறுக்கினால் இன்ஸ்பிரேஷன் புள்ளி ஒன்றைக் கொடுத்து மறுபடி உருட்டலாம். 4-க்கு மேல் சேர்த்து வைக்க முடியாது என்பதால் மிச்சம் பிடித்துப் பயனில்லை, இங்கே செலவழியுங்கள். இந்த ராத்திரியைத் தாண்டிவிட்டால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்குவார்கள்.

ஆக்ட் 2-இல் லாஸ்ட் லைட் இன்னுக்குப் போனதும் மாடியில் இருக்கும் இசோபெல்லிடம் பேசுவதற்கு முன்பும் ஒரு சேவ் போடுங்கள். பேச்சு முடியும்போது அவரைக் கடத்த ஆள் வரும். இசோபெல் விழுந்தால் விடுதியைக் காக்கும் ஒளி அணையும், டாமனும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து போவார்கள். 1998-இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே இருக்கும் ஜஹைராவும் அங்கேதான் இருக்கிறார். ஆக்ட் 3-இல் மின்ஸ்க்கும் பூ (Boo) என்ற அவருடைய வெள்ளெலியும் வேண்டுமென்றால் ஜஹைரா கூட இருந்தாக வேண்டும். அதனால் அந்தச் சண்டையில் முதல் ஹீலிங் இசோபெல்லுக்கு, மற்றவர்களுக்கு அப்புறம்.