மூன்றாவது கூட்டத்துக்கு நாலே பேர், குழுவைத் தொடரலாமா?

தாமிரபரணி_டக்ஸ்

வணக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனால் இலவசமான இயங்குதளம்) பயனர் குழு ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. முதல் கூட்டத்துக்கு 26 பேர் வந்து, நாற்காலி பத்தாமல் கீழே டீக்கடையில் பெஞ்சு கேட்டு வாங்கிப் போட்டோம். இரண்டாவதுக்கு 11. போன சனிக்கிழமை நாலு, அதாவது நாங்களேதான். டாக்கர் (செயலிகளைப் பொட்டலமாகக் கட்டி எந்தக் கணினியிலும் ஓட்டும் கருவி) பற்றிப் பேச 40 ஸ்லைடு செய்து வைத்திருந்தேன், மற்ற மூன்று பேரும் ஆபீசில் தினமும் அதில்தான் புழங்குகிறார்கள் என்பதால் புரொஜெக்டரைக்கூட போடாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இடம் ஒரு டியூஷன் சென்டர் மாடி, சனிக்கிழமை மாலை 6 முதல் 8 வரை. அதற்கு முன்னால் ஒரு கல்லூரியில் கேட்டுப் பார்த்தோம். சரி என்றுதான் சொன்னார்கள், அப்புறம் வெளியாட்களுக்கு கேட் பாஸ், பேனரில் கல்லூரிப் பெயர், முதல்வருக்குப் பொன்னாடை என்று நீண்டுகொண்டே போனதால் விட்டுவிட்டோம். முதல் கூட்டத்தில் பேசியது கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), இரண்டாவதில் பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டுவது). எங்கே தப்பு செய்கிறோம்? பேசாமல் ஆன்லைனுக்கே மாற்றிவிடலாமா?

இரண்டாம்_சனி

தம்பி, நாலு பேர் வந்ததே கூட்டம்தான். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல வருடம் ஐஐடி வளாகத்துக்குள் ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறையில் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை மதியம் 3 மணிக்குக் கூடியது. நான் வேலையில்லாமல் இருந்த காலத்தில் அங்கே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். சில மாதம் அறை நிறையும், சில மாதம் கை விரலில் எண்ணிவிடலாம், ஆனால் "இந்த மாதம் உண்டா?" என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, இரண்டாவது சனி என்றால் உண்டு. நீங்கள் முதல் கூட்டத்தை எந்த வாரத்தில் வைத்தீர்கள், இரண்டாவதை எந்த வாரத்தில்? எனக்கென்னவோ மாற்றி மாற்றித்தான் வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

ஆன்லைன் பற்றிக் கேட்டீர்கள். காஞ்சிபுரம் லினக்ஸ் குழு வாராவாரம் ஞாயிறு மாலை ஜிட்சி வீடியோ அழைப்பில் தமிழிலேயே கூடுகிறது, வெளியூர், வெளிநாட்டுக்காரர்கள்கூட வருகிறார்கள். பேச்சு கேட்க அதுவே போதும், அதையே நீங்களும் இன்னொரு முறை செய்ய வேண்டாம். உங்கள் ஊரில் நேரில் மட்டும் ஆகக்கூடியது எதுவோ அதைச் செய்யுங்கள்.

கட்டளைவரி

தேதி எல்லாம் சரி, ஆனால் வருகிறவனுக்கு அங்கே என்ன வேலை? லினக்ஸே போடாதவனிடம் போய் டாக்கர் பேசினால் அவன் எப்படி அடுத்த மாதம் வருவான். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப் தெருவுக்கு நாலு கிடக்கும். "பழைய லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள், லினக்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று ஒரு நாள் வையுங்கள். 4 ஜிபி ராம் இருந்தாலே மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (லினக்ஸின் இலகுவான ஒரு வகை) ஓடும்.

அடிபட்டுக் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் சொல்கிறேன். வென்டாய் என்ற மென்பொருள் போட்ட பென்டிரைவ் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரே டிரைவில் பல ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) போடலாம். புது லேப்டாப் யாராவது கொண்டு வந்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) கை வைப்பதற்கு முன்னால் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) அணைத்த பிறகு விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அவன் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்திருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவனுடைய புராஜெக்ட் முழுக்க உள்ளே மாட்டிக்கொண்டு, இரவு 9 மணி வரை அவனோடு உட்கார்ந்திருந்தோம். அதனால் பேக்கப் எடுக்காமல் வந்தால் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி) காட்டுவதோடு சரி, டிஸ்க் பார்ட்டிஷனைத் தொடுவதில்லை.

அம்பை_டெர்மினல்

அந்த 26 பேரில் நானும் ஒருத்தி. ஏன் திரும்பி வரவில்லை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்டதால் சொல்கிறேன். 8 மணிக்கு முடிந்து அதற்கப்புறம் புது பஸ் ஸ்டாண்டு போய் அம்பாசமுத்திரம் வண்டி பிடித்து வீடு சேரும்போது வீட்டில் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். காலையில் வைத்தால் வருவேன், என்னோடு இரண்டு பேரைக் கூட்டியும் வருவேன்.

இன்னொன்று. கூட்டம் முடிந்ததும் உபுண்டு லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை (தமிழ் தட்டச்சு முறை) எப்படி வைப்பது என்று கேட்டேன். உங்களில் ஒரு அண்ணன் "கூகுளில் தேடினால் கிடைக்கும்மா" என்றார். தேடி நானே வைத்துக்கொண்டேன் (ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் பட்டியலில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான், இரண்டு நிமிட வேலை). கூகுளில் தேடுவதற்கு நான் 35 கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டியதில்லையே.

தாமிரபரணி_டக்ஸ்

அந்த அண்ணன் நான்தான் என்று நினைக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

இரண்டாம்_சனி அண்ணன் கண்டுபிடித்தது சரி, முதல் கூட்டம் முதல் வாரம், அடுத்தது மூன்றாவது வாரம், போனது எங்கள் ஒருவன் ஷிப்டுக்காகத் தள்ளி வைத்தது. இனி இரண்டாவது ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, டியூஷன்கார சாரிடம் கேட்டாயிற்று, அன்றைக்கு வகுப்பு இல்லையாம். அடுத்த முறை ஸ்லைடு கிடையாது, லினக்ஸ் போடுவது மட்டும். அம்பையில் இருந்து வருகிறவர் அரை மணி நேரம் தமிழ்99 காட்டித் தர முடியுமா?

கட்டளைவரி, ஒரு சந்தேகம். அங்கே வைஃபை கிடையாது, என் போன் ஹாட்ஸ்பாட்தான். பத்து லேப்டாப் ஒரே நேரத்தில் அப்டேட் இழுத்தால் என்ன செய்வது?

கட்டளைவரி

உங்கள் லேப்டாப்பில் ஆப்ட் கேஷர் என்ஜி (இறங்கும் பேக்கேஜ்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) போட்டு, மற்ற லேப்டாப்களில் ஆப்ட் (பேக்கேஜ் நிறுவும் கருவி) பிராக்ஸியாக, அதாவது நடுவில் நின்று எடுத்துத் தரும் பெட்டியாக அதைக் காட்டுங்கள், போர்ட் 3142. ஒரு தடவை இறங்கிய பேக்கேஜ் மற்றவர்களுக்கு உங்களிடமிருந்தே போகும். எல்லோருக்கும் ஒரே பதிப்பைப் போட்டால்தான் இது பலிக்கும். முதல் நாள் ராத்திரியே வீட்டில் ஒரு பெட்டியில் அந்த பிராக்ஸி வழியாக முழு அப்டேட்டும் ஓட்டிவிட்டுப் போங்கள். ஒரு சின்ன ரவுட்டரும், நிறைய பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய லேப்டாப் எதிலும் பேட்டரி நிற்காது.

அம்பை_டெர்மினல்

காட்டித் தருகிறேன். பெண்கள் கழிவறை எந்த மாடியில் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், போன தடவை பூட்டியிருந்தது.