கலைச்சொல் தேவை: மாதத்துக்கு இரண்டு வடிவம், அவற்றுக்கு என்ன பெயர்?

கோவை மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு நாட்காட்டிச் செயலிக்கான மொழிபெயர்ப்பாளர் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு நாளாக நிற்கிறேன், கைகொடுங்கள்.

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மாதப் பெயர் தனியாக நின்றால் ஒரு மாதிரி, தேதியோடு வந்தால் இன்னொரு மாதிரி. ரஷ்ய மொழியில் நாட்காட்டித் தாளின் தலையில் 'யன்வார்' என்று இருக்கும். ஒன்றாம் தேதி என்று எழுதினால் அது 'யன்வார்யா' ஆகிவிடும். போலந்து மொழியில் 'ஸ்திச்சென்', தேதியில் 'ஸ்திச்ன்யா'. கிரேக்கத்தில் 'இயனுவாரியோஸ்', தேதியில் 'இயனுவாரியூ'. செயலிகள் எடுத்தாள்வதற்காக ஒவ்வொரு மொழியின் மாதப் பெயர், தேதி முறை முதலியவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் யூனிகோடின் சி.எல்.டி.ஆர். தரவுத்தொகுப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. நிரலில் எழுதும் தேதிக் குறியீட்டில் எம் என்ற எழுத்தை நாலு முறை போட்டால் தேதியில் வருவது, எல் நாலு முறை போட்டால் தனியே நிற்பது. தமிழுக்கு இரண்டு பட்டியலிலும் அதே ஜனவரிதான். அதனால்தான் இவற்றுக்குப் பெயர் வைக்கும் தேவை நமக்கு வரவில்லை போலும்.

ஆங்கிலக் கையேடு தேதியில் வருவதை 'ஃபார்மட்' வடிவம் என்கிறது, தனியே நிற்பதை 'ஸ்டாண்ட் அலோன்' வடிவம் என்கிறது. ஃபார்மட்டுக்கு நாம் ஏற்கெனவே 'வடிவூட்டம்' என்று எழுதிவருகிறோம். ஆக 'வடிவூட்ட வடிவம்'. எழுதிவிட்டு எனக்கே வாய் கூசியது. வேறு சொல்லுங்கள்.

சென்னை நிரலர், செவ்வாய் காலை

தனிநிலை, தொடர்நிலை. முடிந்தது. காபி குடிக்கப் போகிறேன்.

நெல்லை ஐயா, செவ்வாய் நண்பகல்

தம்பி காபியை முடித்துவிட்டு வரட்டும். 'தனிநிலை' என்பது ஆய்தத்தின் பெயர். ஏற்கெனவே ஒன்றுக்குச் சூட்டிய பெயரை எடுத்து இன்னொன்றுக்குச் சூட்டுவானேன்? 'தொடர்நிலை' என்றாலோ எனக்குச் செய்யுள்தான் நினைவுக்கு வருகிறது.

பெயருக்கு நெடுந்தூரம் போக வேண்டாம். 'யன்வார்யா' ஆறாம் வேற்றுமை. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை, அதாவது உடைமை. ஜனவரியினது முதல் நாள் என்பதில் ஜனவரி முழுமை, நாள் அதன் உறுப்பு. நன்னூலார் சொல்லும் உறுப்புத் தற்கிழமை அப்படியே பொருந்துகிறது. ஆகவே 'கிழமை வடிவம்', 'எழுவாய் வடிவம்'. இலக்கணமும் ஆயிற்று, தமிழும் ஆயிற்று.

சென்னை நிரலர், செவ்வாய் பிற்பகல்

ஐயா, இது நாட்காட்டிச் செயலி. அதே பக்கத்தில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற பட்டியலுக்குத் தலைப்பு 'கிழமை'. மாதத்துக்கும் கிழமை வடிவம் என்று போட்டால் படிக்கிறவர் செவ்வாய்க்கிழமையை மாதத்தில் தேடுவார். 'திங்கள்' என்று மாதத்தைச் சொல்ல வேண்டாம் என்று போன ஆண்டு இதே காரணத்துக்காகத்தான் முடிவு செய்தோம்.

டோர்ட்முண்ட் அக்கா, செவ்வாய் இரவு

ஐயாவுக்கு வணக்கம். ஜெர்மன் மொழியில் மாதப் பெயர் தேதிக்காக மாறாது. மாறுவது எண். ஒன்று எழுதி ஒரு புள்ளி வைத்தால் அது 'ஒன்றாம்' என்று ஆகும். அந்தப் புள்ளியைப் பிள்ளைகள் விட்டால் பள்ளிக்கூடத்தில் பிழை போடுவார்கள். என் மகனின் கொப்பியில் தேதிக்குப் பக்கத்தில் மட்டும் எத்தனை சிவப்புக் குறி! நாங்கள் 'ஆம்' என்று எழுதுகிற வேலையை அங்கே ஒரு புள்ளி செய்கிறது. ஆஸ்திரியாவில் ஜனவரியே வேறு பெயர், 'யென்னர்' என்பார்கள்.

பிரெஞ்சில் ஒன்றாம் திகதிக்கு மட்டும் 'முதலாவது' என்பார்கள், இரண்டிலிருந்து வெறும் எண்தான். இரண்டு ஜனவரி, மூன்று ஜனவரி. எங்களிலும் முதலாம் திகதி, இரண்டாம் திகதி என்று ஒன்றுக்கு மட்டும் ஆகுபெயர் மாதிரி ஏதோ வருகிறதுதானே. நீங்கள் இந்தியாவில் ஒன்றாம் தேதி என்கிறீர்கள்.

நெல்லை ஐயா, செவ்வாய் இரவு

அம்மா, அது ஆகுபெயர் அன்று. மற்றபடி நல்ல செய்தி.

மதுரை மருத்துவர், புதன் காலை

ரஷ்யாவில் ஆறு ஆண்டு படித்தவன் என்ற முறையில் ஒரு சொல். போன புதிதில் விடுதிப் பதிவேட்டில் என் பிறந்தநாளை '15 மாய்' என்று எழுதினேன். மாய் என்றால் மே. விடுதியம்மா பேனாவை வாங்கி, கடைசி எழுத்தை அடித்து 'மாயா' ஆக்கினார். ஏன் என்று கேட்கிற அளவுக்கு மொழி வரவில்லை. அடுத்த மே மாதம் பார்த்தால் ஊர் முழுக்கப் பதாகை, '9 மாயா' என்று. வெற்றி நாள். என் அறைத்தோழன் தூத்துக்குடிக்காரன், "யாருடா இந்த மாயா, ஒன்பதாவது மாயா?" என்று கேட்டான். அரண்மனைப் பரம்பரை மாதிரி இருக்கிறதே என்றான்.

பிறகுதான் ஆசிரியை விளக்கினார். 'ஒன்பதாவது' என்பது சொல்லாமல் விட்ட 'எண்' என்ற சொல்லுக்கு அடை. மேயினுடைய ஒன்பதாவது எண். அதனால்தான் மாய் மாயா ஆகிறது. 'ஒன்பதாம் தேதியன்று' என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஒன்பதாவதும் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். முன்னிடைச்சொல் எதுவும் வேண்டாம்.

எனக்கு ஐயா சொன்னதுதான் சரி. ஆறாம் வேற்றுமை என்றே எழுதலாம்.

சென்னை நிரலர், புதன் காலை

டாக்டர், ரஷ்யாவுக்குச் சரி. ஃபின்னிஷுக்கு என்ன செய்வது? 'தம்மிகூ' ஜனவரி. தேதியில் 'தம்மிகூத்தா'. அது ஆறாம் வேற்றுமை இல்லை, முழுமையில் ஒரு பங்கைக் குறிக்கும் வேறொரு வேற்றுமை. நம் எட்டில் அது இல்லை. கத்தலானில் வேற்றுமையே கிடையாது. 'ஜனே' என்று தலைப்பில் போட்டு, தேதியில் முன்னால் 'த' சேர்ப்பார்கள். ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபருக்கு முன்னால் அந்த 'த' உயிரோடு ஒட்டிக்கொள்ளும். தரவுத்தொகுப்பில் ஒட்டிய வடிவத்தையே மாதப் பெயராகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது வேற்றுமை அல்ல, இடம். அதிலும் ஒரு நுணுக்கம். ரஷ்ய மொழியில் 'ஜனவரி 2024' என்று நாள் இல்லாமல் எழுதினால் மாறாத 'யன்வார்'தான். பக்கத்தில் ஆண்டு இருந்தாலும் அது தனி வடிவம். நாள் எண் வந்தால்தான் மாற்றம். லினக்ஸில் நிரல்களுக்குத் தேதியை எழுதித் தரும் ஜிலிப்சி நூலகம் 2018இல் வந்த 2.27 பதிப்பில்தான் இரண்டையும் பிரித்தது. அதற்கு முன் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். தேதியைச் சரிசெய்தால் நாட்காட்டித் தலைப்பில் 'ஜனவரியின் 2024' என்பது போல் நிற்கும். தலைப்பைச் சரிசெய்தால் தேதி குழந்தைப் பேச்சாகிவிடும்.

நெல்லை ஐயா, புதன் நண்பகல்

தம்பி, அந்தப் ஃபின்னிஷ்காரர் சொல்லும் 'கூ' என்பதற்கு என்ன பொருள்?

சென்னை நிரலர், புதன் நண்பகல்

நிலா. மாதம் என்றும் பொருள்.

நெல்லை ஐயா, புதன் நண்பகல்

அப்படிச் சொல்! நம் திங்கள். 'அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில்' என்று பாரி மகளிர் பாடியபோது திங்கள் மாதம், நிலவு ஒளி. கால்டுவெல் ஃபின்னிஷையும் தமிழையும் சேர்த்துப் பேசியதை இக்காலத்தார் ஒதுக்கிவிட்டார்கள். எனினும்...

சென்னை நிரலர், புதன் நண்பகல்

ஐயா, வெள்ளிக்கிழமை கெடு. நிலாவும் மாதமும் ஒரே சொல்லாக இருப்பதற்கு உறவு வேண்டியதில்லை. வானத்தைப் பார்த்து நாள் எண்ணிய எல்லாருக்கும் அது தோன்றும்.

சேலம் அன்பர், புதன் இரவு

சனவரியே அயற்சொல். அதை வைத்துக்கொண்டு அதன் வடிவத்துக்குத் தமிழில் பெயர் தேடுவது, இரவல் சட்டைக்குப் பட்டுப் பித்தான் தைப்பது போலிருக்கிறது. சுறவம், கும்பம், மீனம் என்று நமக்கு மாதப் பெயர்கள் உள்ளன. குரோவாசியர், செக்கர், போலந்தார், உக்ரைனியர் இன்றும் தம் சொந்தப் பெயர்களையே ஆள்கிறார்கள். 'லிஸ்தோபாத்' என்றால் இலையுதிர்வு. எவ்வளவு அழகு! அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

சென்னை நிரலர், புதன் இரவு

சுறவம் என்றால் தை. அது ஜனவரி நடுவில் பிறக்கிறது. ஜனவரி ஒன்றைச் சுறவம் ஒன்று என்று எழுதினால் பதினான்கு நாள் எங்கே போகும்?

லிஸ்தோபாத்தையும் பார்த்துவிடுவோம். போலந்திலும் செக்கிலும் அது நவம்பர். குரோவாசியாவில் அக்டோபர். அரிவாள் என்பதிலிருந்து வந்த மாதம் போலந்தில் ஆகஸ்ட், குரோவாசியாவில் ஜூலை. லிண்டன் மரத்தின் பெயர் கொண்ட மாதம் போலந்தில் ஜூலை, குரோவாசியாவில் ஜூன். பக்கத்துப் பக்கத்து மொழிக்காரர்கள் ஒரே சொல்லைச் சொல்லி ஒரு மாதம் தள்ளிச் சந்திப்பார்கள்.

சேலம் அன்பர், வியாழன் காலை

தெற்கே கதிர் முன்னதாக விளைகிறது, அரிவாளும் முன்னதாக எடுக்கிறார்கள். சொல் அந்தந்த நிலத்துக்கு உண்மையாக இருக்கிறது. செப்டம்பர் என்றால் இலத்தீனில் ஏழாவது. அதை ஒன்பதாவது மாதத்துக்கு வைத்துக்கொண்டு உலகமே கூசாமல் இருக்கிறது. பொய் எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

(இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று மருத்துவர் தனிமடலில் எழுதினார். எனக்கும் இல்லை. — கோவை)

டோர்ட்முண்ட் அக்கா, வியாழன் காலை

பிரெஞ்சுப் புரட்சிக்காரரும் இதைத்தானே செய்தார்கள். 1793இல் மாதங்களுக்கு எல்லாம் புதுப் பெயர். ஃபாப்ர் தெக்லாந்தின் வைத்த பெயர்கள்: மூடுபனிக்கு ப்ருமேர், பனிக்கு நிவோஸ், மழைக்கு ப்லுவியோஸ், முளைப்புக்கு ஜெர்மினால். ஒரு பருவத்தின் மூன்று மாதத்துக்கும் ஒரே விகுதி. உண்மையில் நல்ல கலைச்சொல்லாக்கம் அது. 1806 ஜனவரி முதலாம் திகதியோடு நெப்போலியன் முடித்துவைத்தார். அவர் ஆட்சியைப் பிடித்ததே 'ப்ருமேர் பதினெட்டு' என்றுதான் இன்றும் சொல்லப்படுகிறது, 1799 நவம்பர் 9. சொல் அழகு என்று மட்டும் நின்றுவிடாது தம்பி. சனம் வாயில் போட வேண்டும்.

நெல்லை ஐயா, வியாழன் பிற்பகல்

ஒரு செய்தியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மாதப் பெயர் மாறுவது நமக்குப் புதிதன்று. 'திங்கள் முன்வரின் இக்கே சாரியை' என்பது தொல்காப்பியம். 'ஆடிக்குக் கொண்டான்' என்பது உரைகாரர் எடுத்துக்காட்டு. ஆடி மாதத்தில் வாங்கினான் என்று பொருள். நாள்மீனுக்கு, அதாவது நட்சத்திரத்துக்கு, 'ஆன்' வரும்: பரணியாற் கொண்டான். மாதத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று பிரித்தே விதித்திருக்கிறார். இகரத்தின் பின் 'இக்கு' தன் இகரத்தை இழக்கும், அதனால்தான் அது நான்காம் வேற்றுமை போலத் தோன்றுகிறது. இன்றும் 'தைக்குக் கல்யாணம்' என்கிறோமே, அதில் இருப்பது 'கு' உருபா, 'இக்கு'ச் சாரியையா? கருத்துரைக்க வேண்டுகிறேன்.

ஆகவே 'சாரியை ஏற்ற வடிவம்' என்பது என் இரண்டாவது பரிந்துரை.

மதுரை மருத்துவர், வியாழன் பிற்பகல்

'ஏற்ற' நன்றாக இருக்கிறது ஐயா. உருபேற்ற, சாரியை ஏற்ற என்பதுபோல 'நாளேற்ற மாதப்பெயர்' என்றால்? நிரலர் சொன்ன நுணுக்கமும் அதற்குள் வந்துவிடுகிறது. நாள் எண்ணை ஏற்றால் மாறும், ஆண்டை ஏற்றால் மாறாது. மற்றது 'தனித்த மாதப்பெயர்'.

சென்னை நிரலர், வியாழன் மாலை

பொருள் கச்சிதம். ஆனால் கையேட்டைப் படிக்கப்போவது கல்லூரிப் பிள்ளைகள். 'நாளேற்ற' என்றால் நாள் ஏறிய, பழையதாகிப்போன என்று படிப்பார்கள். நாள்பட்ட இருமல் மாதிரி. என் வாக்கு 'தேதி வடிவம்', 'தனி வடிவம்'. ஒருமுறை படித்தால் போதும், விளக்கக் குறிப்பே வேண்டாம்.

சேலம் அன்பர், வியாழன் மாலை

'தேதி' வடசொல். 'நாளேற்ற'வுக்கு என் வாக்கு.

டோர்ட்முண்ட் அக்கா, வியாழன் இரவு

எனக்கு 'தேதி வடிவம்' விளங்குகிறது. ஆனால் இலங்கைப் பதிப்பில் 'திகதி வடிவம்' என்று போட வேண்டும். மறந்துவிடாதேங்கோ.

கோவை மொழிபெயர்ப்பாளர், வெள்ளி காலை

எல்லாருக்கும் நன்றி. 'நாளேற்ற'வுக்கு இரண்டு வாக்கு, 'தேதி வடிவ'த்துக்கு நிரலர், அக்கா, அப்புறம் தூக்கம் கெட்ட நான். ஐயா இரண்டிலும் சேரவில்லை. கையேட்டில் 'தேதி வடிவம்', 'தனி வடிவம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். சொல்லடைவில் முதலாவதற்கு நேரே 'நாளேற்ற வடிவம் என்றும் வழங்கலாம்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இலங்கைப் பதிப்பில் திகதி.

அடுத்த இயலில் ஓரெழுத்துச் சுருக்கங்கள் வருகின்றன. நம் பட்டியலில் ஜூனுக்கும் 'ஜூ', ஜூலைக்கும் 'ஜூ'. அதைத் திங்களன்று கேட்கிறேன்.

நெல்லை ஐயா, வெள்ளி நண்பகல்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'தைக்குக் கல்யாணம்' பற்றிக் கேட்டிருந்தேன். இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை.