46 வயதில் வார இறுதி மேட்ச்: வாரம் முழுக்க ஓடியும் கால் ஏன் பிடிக்கிறது?

நடுவரிசை:

வணக்கம். எனக்கு வயது 46. வார இறுதியில் 40 ஓவர் மேட்ச் ஆடுகிறேன். ஐந்தாவதாக இறங்குவேன், மூன்று நான்கு ஓவர் மிதவேகம் போடுவேன், ஃபீல்டிங்கில் பெரும்பாலும் கவர். வாரத்தில் நான்கு நாள் காலையில் அரை மணி நேரம் மெதுவாக ஓடுகிறேன். எடை கூடவில்லை, ஓடினால் மூச்சு வாங்குவதும் இல்லை.

ஆனால் போன சீசனில் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது வலது கெண்டைக்காலில் பின்னாலிருந்து யாரோ பந்தால் அடித்த மாதிரி ஒரு வலி. பாதி சீசன் போய்விட்டது. இந்த முறை கவரில் ஒரு பந்தைத் துரத்தும்போது தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. டீமில் உள்ள இளைஞர்கள் பலர் எந்தப் பயிற்சியும் செய்வதில்லை, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஓடும் தூரத்தைக் கூட்ட வேண்டுமா? ஜிம்முக்குப் போக வேண்டுமா? குறைந்தது 55 வயது வரை ஆட வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த வயதில் கிரிக்கெட்டைத் தொடர்பவர்கள் சொல்லுங்கள்.

ஆஃப்கட்டர்:

எனக்கு 54. இன்னும் முதல் மாற்றுப் பந்துவீச்சாளராகப் போடுகிறேன், எங்கள் கிளப்பில் 40 வயதைத் தாண்டியவர்களின் பயிற்சியையும் நான்தான் பார்க்கிறேன். உங்கள் கேள்வியை இதே வார்த்தைகளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நன்றாக ஓடுகிறவர்கள்தான் கேட்பார்கள்.

தூரத்தைக் கூட்ட வேண்டாம். உங்களிடம் மூச்சு இருக்கிறது, வேகத்துக்குத் தயாரான கால் இல்லை. ஒரு மேட்ச் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கவரில் நிற்கிறீர்கள், ஒவ்வொரு பந்துக்கும் நாலு அடி நடந்து வருகிறீர்கள், திரும்புகிறீர்கள். இப்படியே பத்து ஓவர் போகிறது. அப்புறம் ஒரு பந்து உங்களைத் தாண்டுகிறது, முழு வேகத்தில் 30 மீட்டர் ஓடுகிறீர்கள். பேட்டிங்கிலும் இதே கதைதான். கிரீஸிலிருந்து கிரீஸுக்கு 58 அடி, அதாவது 17.68 மீட்டர். இரண்டு ரன் என்றால் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து, முழு வேகத்தை எட்டி, பிரேக் போட்டு, குனிந்து, திரும்பி, மறுபடி பாய வேண்டும். உங்கள் காலை ஓட்டத்தில் இந்தப் பாய்ச்சலும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. கெண்டைக்கால் கிழிந்தது சரியாக அந்தத் திருப்பத்தில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வயதானால் தசை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தசை என்பதுதான் முக்கியம். வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் அதிகமாக மெலிகின்றன, நீண்ட நேரம் மெதுவாக வேலை செய்யும் இழைகள் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. மெதுவோட்டம் இரண்டாவது வகையை மட்டும்தான் காப்பாற்றும். 22 வயதுப் பையன் பயிற்சி செய்யாமலே தப்பிப்பதற்கு அவனிடம் அந்த வேக இழைகள் இன்னும் மிச்சம் இருப்பது ஒரு காரணம். நாம் அவற்றை வேலை வாங்கித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு நாள் ஓட்டத்தை இரண்டாகக் குறையுங்கள். மீதி இரண்டு நாள் கால்களுக்கு வலு சேருங்கள். கெண்டைக்காலுக்குப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். முட்டியை நேராக வைத்து ஒரு சுற்று, சற்று மடக்கி ஒரு சுற்று. மடக்கும்போது உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை போகும், அதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு காலில் நிறுத்தாமல் 20, 25 முறை செய்ய முடிகிற வரை இதை விடாதீர்கள்.

தொடையின் பின்பக்கத்துக்கு நார்டிக். மண்டியிட்டு உட்காருங்கள், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், உடம்பை நேராக வைத்தபடியே முன்னால் மெதுவாகச் சாயுங்கள், தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றுங்கள். ஹாம்ஸ்ட்ரிங் என்ற இந்தப் பின்தொடைத் தசை பெரும்பாலும் கிழிவது, வேகமாக ஓடும்போது முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு. அந்த நேரத்தில் தசை நீண்டுகொண்டே சுமையையும் தாங்குகிறது. நார்டிக்கில் அதே வேலையை மெதுவாகப் பழக்குகிறோம். கால்பந்து ஆட்டக்காரர்களிடம் செய்த ஆய்வுகளில் இதைச் சேர்த்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. முதல் வாரம் மூன்று நான்கு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். மறுநாள் நன்றாக வலிக்கும், ஆகவே மேட்சுக்கு முந்தைய நாள் கண்டிப்பாக வேண்டாம்.

அப்புறம் வாரம் ஒரு முறையாவது வேகமாக ஓடுங்கள். உடம்பு சூடான பிறகு 20 மீட்டர், முதலில் முக்கால் வேகத்தில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுக்கத் திரும்பும் வரை நடங்கள். சில வாரம் கழித்து முழு வேகம். அதற்குப் பிறகு கையில் பேட்டோடு திரும்பும் பழக்கம், இடது வலது இரண்டு பக்கமும். எங்கள் ஆட்களில் பலர் ஒரே பக்கம்தான் திரும்புவார்கள், எல்லாச் சுமையும் ஒரே காலில் விழும்.

பவுலிங் தனி விஷயம். மிதவேகம் என்றாலும் முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. மூன்று வாரம் போடாமல் இருந்துவிட்டு கேப்டன் கேட்டார் என்று எட்டு ஓவர் போட்டால் முதுகு, விலா, குதிகால் எது வேண்டுமானாலும் போகலாம். வாரத்தின் நடுவில் நெட்ஸில் எண்ணி 24 பந்து போடுங்கள். தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கால் நன்றாக இருக்கிறதே என்று தோன்றும் காலத்தில்தான் ஓவர்களைத் திடீரென்று கூட்டத் தோன்றும். அங்கே பொறுமை வேண்டும்.

மூன்றாவது ஸ்லிப்:

எல்லாம் சரி, ஆனால் 46 வயதில் எதற்குக் கவர்? ஸ்லிப்பில் நில்லுங்கள். மிதவேகத்தை விட்டு நான்கு அடி ரன்னப்பில் ஆஃப்ஸ்பின் போடுங்கள். நான் அப்படித்தான் மாறினேன், 51 ஆகிறது, கால் வலி என்ற பேச்சே இல்லை. உடம்பு கேட்பதைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆஃப்கட்டர்:

மூன்றாவது ஸ்லிப் சார், ஆஃப்ஸ்பின் நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்லிப்புக்குப் போனவர் பேட்டிங்கில் ரன் ஓடியே ஆக வேண்டும். ஃபீல்டிங்கிலும் பாய்வதில்லை, வாரத்திலும் பாய்வதில்லை என்றால் அவருடைய கால் வேகத்தைப் பார்ப்பது அந்த இரண்டாவது ரன்னில் மட்டும்தான். நான் பார்த்தவரையில் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கெண்டைக்கால் போகிறது. வேலையைக் குறைப்பதாக இருந்தால் மேட்சில் குறையுங்கள், பயிற்சியில் குறைக்காதீர்கள்.

தசைநாண்:

நான் பிசியோதெரபிஸ்ட், கிளப் ஆட்டக்காரர்கள் நிறைய பேரைப் பார்க்கிறேன். ஆஃப்கட்டர் சொன்னதோடு உடன்படுகிறேன். சில விஷயங்கள் மட்டும்.

ஒரு முறை கிழிந்த தசை மறுபடி கிழிவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே வலி போனது என்பதை ஆடத் தகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காயம்பட்ட காலும் நல்ல காலும் ஒற்றைக் கால் குதிகால் ஏற்றத்தில் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைக்கு வர வேண்டும்.

"பின்னாலிருந்து அடித்த மாதிரி" என்பது கெண்டைக்கால் கிழிசலுக்கும் பொருந்தும், குதிகாலுக்கு மேலே உள்ள அகில்லிஸ் தசைநாண் அறுந்தாலும் இதையேதான் சொல்வார்கள். குதிகாலுக்கு மேல் பள்ளமாகத் தெரிந்தாலோ, அந்தக் கால் நுனியில் எழும்பி நிற்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும் அதன் பிறகு சில வாரங்களுக்கும் தசைநாண் அறுவதற்கான அபாயம் கூடுகிறது. அந்தச் சமயத்தில் வேக ஓட்டம் வேண்டாம். அடிபடாமலே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம், உருவிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மேட்சுக்கு முன் உட்கார்ந்து ஒவ்வொரு தசையையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிப்பது சற்று நேரத்துக்கு வேகத்தைக் குறைக்கும். அதற்குப் பதில் நடை, மெதுவோட்டம், கால் வீச்சு, கடைசியில் இரண்டு மூன்று வேக ஓட்டம்.

நெஞ்சில் அழுத்தமோ, வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ, ஓடும்போது மயக்கமோ வந்தால் கால் கதையெல்லாம் பிறகு. 40 தாண்டியவர்கள் வேகப் பயிற்சி தொடங்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் இதய நோய் வரலாறு இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

ஹோப்ஸ் ரசிகன்:

யாரும் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. 45ஐ ஒட்டி எல்லோருக்கும் கண்ணின் லென்ஸ் விறைத்துக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். நான் வாசிக்கவும் தூரம் பார்க்கவும் ஒரே கண்ணாடியாக, புரோகிரசிவ் லென்ஸ் போட்டிருந்தேன். அதன் கீழ்ப்பகுதி கிட்டத்தில் வாசிப்பதற்கானது. பேட்டிங்கில் தலையைக் குனிந்து நிற்கும்போது காலருகே விழும் பந்து அந்தப் பகுதி வழியாகத் தெரியும், மங்கலாகத்தான் தெரியும். தூரத்துக்கு மட்டுமான ஒரு கண்ணாடியை பாலிகார்பனேட் லென்ஸில் தனியாகச் செய்துகொண்டேன், யார்க்கர் மறுபடி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

55 வரை ஆட ஆசை என்று எழுதியிருந்தீர்கள், தாராளமாக ஆடுங்கள். இங்கிலாந்தின் ஜாக் ஹோப்ஸ் 1929இல் மெல்போர்ன் டெஸ்டில் சதம் அடித்தபோது அவருக்கு உங்கள் வயதுதான், 46. அதே இங்கிலாந்தின் வில்ஃபிரட் ரோட்ஸ் 1930இல் கடைசி டெஸ்ட் ஆடும்போது 52. பாகிஸ்தானின் மிஸ்பா-உல்-ஹக் 2016இல் லார்ட்ஸில் சதம் அடித்துவிட்டு மைதானத்திலேயே தண்டால் எடுத்தார், 42 வயதில். அவர்களுடைய திறமை நமக்கு இல்லைதான், வயது ஒன்றுதானே.

நடுவரிசை:

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆஃப்கட்டர் அண்ணா, இரண்டு கேள்வி. தொடையின் பின்பக்கம் குனிந்தால் இன்னும் லேசாக இழுக்கிறது, வேக ஓட்டத்தை எப்போது தொடங்கலாம்? இன்னொன்று, ஃபீல்டிங்குக்கு முன் வார்ம்அப் செய்துவிடுகிறேன், ஐந்தாவதாக இறங்குவதால் பேட்டிங்குக்கு முன் என்ன செய்வது என்று தெரியவில்லை. சில நாள் ஒன்றரை மணி நேரம் பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆஃப்கட்டர்:

இழுப்பு இருக்கும் வரை வேகம் வேண்டாம், நடையும் மெதுவோட்டமும் போதும். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, அந்த ஒற்றைக் காலை மட்டும் ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். மற்றக் காலில் எத்தனை முடிகிறதோ அத்தனை இதிலும் வலியில்லாமல் வந்தால் பாதி வேகத்தில் தொடங்கலாம். வேகத்தைக் கூட்டிய மறுநாள் காலையில் இழுத்தால் ஒரு படி இறங்குங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் தசைநாண் மேடம் மாதிரி ஒருவரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த கால் முழுக்கக் குளிர்ந்துவிடும். உள்ளே போய் இரண்டாவது பந்தில் எதிர்முனையிலிருப்பவர் "வா" என்று கத்துவார், நீங்கள் பாய்வீர்கள். ஆகவே இரண்டாவது விக்கெட் விழுந்ததும் எழுந்துவிடுங்கள். அடுத்தவர் நீங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பேடோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே நடங்கள், ஓவர் மாறும்போதெல்லாம் பத்துப் பதினைந்து மீட்டர் சற்று வேகமாக ஓடுங்கள், பத்துத் தடவை குதிகால் ஏற்றி இறக்குங்கள். உங்கள் முறை வந்ததும் கிரீஸ் வரை நடக்காமல் ஓடிப் போங்கள். முதல் சில பந்துக்கு இறுக்கமான இரண்டாவது ரன் வேண்டாம் என்று ஜோடியிடம் சொல்லிவிடுங்கள், நல்ல ஜோடி புரிந்துகொள்வார்.

பல டீம்களில் ஸ்கோர் புத்தகத்தை நடுவரிசை ஆளிடம்தான் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். உங்கள் டீமிலும் அப்படியென்றால் கேப்டனிடம் சொல்லி அதை ஒன்பதாவது ஆளிடம் மாற்றிவிடுங்கள்.