பக்க எண்ணை -7,12 என்று கொடுத்தால் எரர் வருகிறது

பட்டர்வொர்த்_வாசி: ஜார்ஜ் டவுன் கோயில் ஒன்றின் பழைய கணக்குப் புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம், வேண்டிய பக்கங்களை மட்டும் எடுக்க பைத்தானில் ஒரு டூல் எழுதுகிறேன். 3-7,12- (3 முதல் 7 வரை, பிறகு 12 முதல் கடைசி வரை) சரியாகப் போகிறது. முதல் ஏழு பக்கமும் பன்னிரண்டும் வேண்டுமென்று --பக்கம் -7,12 கொடுத்தால், கட்டளை வரியில் கொடுப்பதைப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் எரர் காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?

பிரிக்ஃபீல்ட்ஸ்_குமார்: டேஷில் தொடங்குவதால் அதை வேறொரு ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்கிறது. வெறும் -7 என்றால் நெகட்டிவ் எண் என்று விட்டுவிடும், காற்புள்ளி சேர்ந்தால் விடாது. இடைவெளிக்குப் பதில் சமக்குறி போட்டு --பக்கம்=-7,12 என்று கொடுங்கள் அண்ணே.

ஆயர்_ஈத்தாம்: இன்னொன்று. டேஷுக்கு இடப்புறம் காலியென்றால் 1, வலப்புறம் காலியென்றால் கடைசிப் பக்கம், அது சரி. ஆனால் 9-4 என்று வந்தால் தயவுசெய்து நீங்களாகத் திருப்பிப் போடாதீர்கள், 9-14 அடிக்க நினைத்தவருக்கு வேறு பக்கங்கள் போய்விடும், அவருக்குத் தெரியவும் தெரியாது. வரிகளிலிருந்து வேண்டிய பகுதிகளை வெட்டியெடுக்கும் குனூ கட் (cut) கட்டளை மாதிரி எரர் சொல்லி நிறுத்துங்கள்.

பட்டர்வொர்த்_வாசி: சமக்குறி வேலை செய்கிறது, நன்றி. புத்தகத்தில் சில பக்க எண்கள் தமிழ் இலக்கங்களில் ௧௨ என்று இருக்கின்றன, அப்படியே அடிக்கலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_குமார்: தாராளமாக. எழுத்தை எண்ணாக மாற்றும் பைத்தானின் இன்ட் (int) அதை 12 என்றே படிக்கும். ௰௨ என்று பழைய முறையில் எழுதியிருந்தால்தான் எரர், பத்தைக் குறிக்கும் ௰ அதற்கு இலக்கம் இல்லை, அதை நீங்கள் தனியாக மாற்ற வேண்டும்.